அமிழ்ந்த கலமும் அதில் குடியேறும் உயிர்களும்

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்வோருக்குக் கடல் தொலைவில் இல்லை. நீர்முனைப் பூங்காவின் படகுத்துறையில் நின்று வடக்கே நோக்கினால் எதிரே ஜொகூர் பாருவின் கட்டடங்களும், இடப்புறத்தே கடற்பாலமும், நடுவே கலங்கிய பச்சை நிற நீரும் கண்ணில் படும். நாள்தோறும் பல்லாயிரம் பேர் அந்நீரைக் கடந்து செல்கின்றனர். ஆயினும் அந்நீருக்குக் கீழே என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடலைக் குறித்த நம் பேச்சு பெரும்பாலும் அலையோடும் கரையோடும் நின்றுவிடுகிறது.

நீருக்கு அடியில் உள்ளவற்றுள் மாந்தர் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பது அமிழ்ந்த கப்பலாகும். தமிழிலக்கியம் கலம் உடைந்த செய்திகளை நன்கறியும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆதிரையின் கணவன் சாதுவன், கலம் சிதைந்தபின் ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையை அடைகிறான். கதை அவனைத் தொடர்ந்து செல்கிறது. நீருக்குள் சென்ற கலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அக்காலத்தில் எவரும் சொல்ல இயலவில்லை. இன்று சொல்ல இயலும். முதுகில் காற்றுக்கலனைச் சுமந்து ஒரு மணி நேரம் கடலடியில் உலவ மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். ஆழமில்லாக் கடலில் அமிழ்ந்த கப்பல் எவ்வாறு உயிர்களின் உறைவிடமாகிறது, அவ்வுயிர்களே அதனை எவ்வாறு அழிக்கின்றன, அங்குச் செல்லும் மனிதனின் பொறுப்பு யாது என்னும் மூன்று வினாக்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

செம்பவாங்கில் ஒரு கத்தி

இவ்விளக்கத்தைத் தொடங்குவதற்குத் தொலைவிடம் தேட வேண்டியதில்லை. உட்லண்ட்ஸுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் செம்பவாங் கடற்படைத் தளம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பானியரின் தக்காவோ என்னும் கனரகப் போர்க்கப்பல் அத்தளத்தின் அருகே ஜொகூர் நீரிணையில் நிறுத்தப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தாக்குதலில் பழுதுற்றமையால், அது நகரும் வலிமையை இழந்து பீரங்கி மேடையாக மட்டும் பயன்பட்டது.

1945 ஜூலை 31ஆம் நாள், எக்ஸ்இ-3 என்னும் பிரிட்டிஷ் சிறு நீர்மூழ்கி நான்கு வீரர்களுடன் நீரிணைக்குள் நுழைந்து தக்காவோவின் அடிப்பகுதியை அடைந்தது. அதன் தலைவர் இயன் ஃபிரேசர். நீருக்குள் இறங்கிப் பணி செய்தவர் ஜேம்ஸ் மெகென்னிஸ். நீர் அங்கு ஆழங்குறைந்தது. கப்பலின் அடிக்கும் சேற்றுத் தரைக்கும் இடையே நீர்மூழ்கி நெருக்குண்டு நின்றது. மேல்மூடி முழுதும் திறக்கவில்லை. மெகென்னிஸ் தம் உடலைக் குறுக்கிக்கொண்டு வெளியேறினார். காந்தத்தால் ஒட்டும் வெடிகளைக் கப்பலின் அடியில் பொருத்துவது அவர் கடமை. ஆனால் வெடிகள் ஒட்டவில்லை. இரும்புத் தகட்டின்மேல் கொட்டலசும் பாசியும் தடித்துப் படர்ந்து, காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்தன.

மெகென்னிஸ் கத்தியை எடுத்து அவற்றைச் சுரண்டத் தொடங்கினார். அவருடைய சுவாசக் கருவியிலிருந்து ஆக்சிஜன் கசிந்து குமிழ்களாக மேலெழுந்தது. எவரேனும் அக்குமிழ்களைக் கண்டிருந்தால் அனைவரும் உயிரிழந்திருப்பர். ஏறத்தாழ அரைமணி நேரம் சுரண்டி, ஆறு வெடிகளைப் பொருத்தி, அவர் உள்ளே திரும்பினார். பின்னர் நீர்மூழ்கியின் பக்கத்திலிருந்த பாரமொன்று கழலாமல் சிக்கிக்கொண்டபோது, மீண்டும் வெளியே சென்று அதனை விடுவித்தார். வெடி தக்காவோவின் அடியைப் பிளந்தது. இருவருக்கும் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. போருக்குப்பின் 1946இல் அக்கப்பல் மலாக்கா நீரிணைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது.

போர் வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை வீரச் செயலாகப் பதிவுசெய்துள்ளன. நம் பொருளுக்கு இன்றியமையாதது மற்றொரு செய்தி: ஜொகூர் நீரிணையின் இளஞ்சூட்டு நீரில் அசையாது நின்ற கப்பலொன்று, மிதந்துகொண்டிருக்கும்போதே பாறையாக மாறத் தொடங்கிவிட்டது.

இரும்பின்மேல் எழும் ஊர்

கடலில் உறுதியான தளம் அரிது. பெரும்பரப்பு மணலாகவோ சேறாகவோ இருக்கிறது. ஒட்டி வாழும் உயிர்கள் அங்கே வேரூன்ற இயலா. நீரில் மிதந்துதிரியும் எண்ணிலடங்கா இளவுயிரிகள் பற்றிக்கொள்ளத்தக்க ஓரிடத்தைத் தேடி அலைகின்றன, காணாதவை மடிகின்றன. அத்தகைய வெற்றுத் தரையில் ஒரு கப்பல் வந்து அமர்வது, பாலைநிலத்தில் திடீரென்று குன்றொன்று எழுவதற்கு ஒப்பாகும்.

குடியேற்றம் ஒழுங்கான படிகளில் நடைபெறுகிறது. முதல் நாளிலேயே நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள் இரும்பின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்படலத்தில் நுண்ணுயிரிகளும் ஒருசெல் பாசிகளும் தங்கி வழவழப்பான பூச்சொன்றை உருவாக்குகின்றன. அடுத்த சில வாரங்களில் கொட்டலசின் இளவுயிரிகள் வந்து சேர்கின்றன. சிப்பிபோல் தோன்றினும், கொட்டலசு நண்டுக்கும் இறாலுக்கும் உறவினம். அது தலைப்பக்கத்தைத் தளத்தில் ஒட்டி, சுற்றிலும் சுண்ணாம்புத் தகடுகளால் அரண் எழுப்பி, கால்களை வெளியே நீட்டி உணவை வடித்தெடுக்கிறது. ஒட்டியபின் வாழ்நாள் முழுதும் இடம்பெயர்வதில்லை. அதனைத் தொடர்ந்து ஆளிகளும், சுண்ணாம்புக் குழல் கட்டும் புழுக்களும், கடற்பஞ்சுகளும் இடம்பிடிக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல மென்பவளங்களும் கடல்விசிறிகளும் வன்பவளங்களும் வளர்கின்றன. உருண்டு திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே பருக்கும். எனவே மனிதத் தலையளவு பவளமொன்றைக் கண்டால், அதன் அகவை பல ஆண்டுகள் என்று உணர்தல் வேண்டும்.

பற்றி வாழும் உயிர்கள் பெருகியபின் நீந்தும் உயிர்கள் வருகின்றன. கப்பலின் மேல்தளத்தில் எழும் நீரோட்டம் மிதவையுயிரிகளைக் கொண்டுவருவதால் சிறுமீன்கள் திரள்கின்றன. அவற்றை நாடிப் பாரை மீன்கள் சுற்றுகின்றன. இருண்ட அறைகளில் களவாய் மீன்கள் பதுங்குகின்றன. செப்பலிகள் நிழலில் கூட்டமாக நிற்கின்றன. துளைகளில் விலாங்கினங்கள் தலைநீட்டுகின்றன. மாலுமிகள் உறங்கிய அறைகளில் இரவுதோறும் கிளிமீன்கள் உறங்குகின்றன.

இதனை நேரில் காண்பதற்குத் தென்கிழக்காசியாவில் புகழ்பெற்ற இடம் பாலித் தீவின் துலாம்பென் கடற்கரை. லிபர்ட்டி என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துச் செல்ல முயன்றும் நீர் மிகுதியாகப் புகுந்தமையால், அது துலாம்பென் கரையில் ஏற்றிவிடப்பட்டது. இருபத்தொரு ஆண்டுகள் கரையிலேயே கிடந்தது. 1963இல் ஆகூங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட நில அசைவு அதனைக் கடலுக்குள் தள்ளியது. நூறு மீட்டருக்கும் அதிக நீளமுடைய அக்கலம், இப்போது ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்திலிருந்து 30 மீட்டர் ஆழம்வரை சரிவில் சாய்ந்து கிடக்கிறது. கரையிலிருந்தே நீந்திச் சென்று அதனை அடையலாம். பாரைகளின் பெருந்திரளும், நெற்றி புடைத்த கிளிமீன்களும், சுற்றியுள்ள மணலில் புல்போல் நின்றாடும் தோட்ட விலாங்குகளும் அங்கே காணப்படுகின்றன. வெடித்துச் சிதறிய எரிமலை ஒன்று பவளத் தோட்டத்துக்கு அடித்தளம் இட்டுத் தந்தது வியப்புக்குரியது.

ஆழமின்மை ஏன் இத்துணைச் சிறப்பு? காரணம் கதிரொளி. வன்பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக்கொண்டு உணவு ஆக்கிப் பவளத்துக்கும் பகிர்கின்றன. ஒளி குன்றினால் பவளம் பட்டினி கிடக்கும். தெளிந்த நீரில் ஒளி பல பத்து மீட்டர் இறங்கும். கலங்கிய நீரில் சில மீட்டரிலேயே மங்கிவிடும். சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றி ஏறக்குறைய 250 வகை வன்பவளங்கள் இருந்தும், அவை மேல்மட்ட நீரிலேயே செறிந்து வாழ்வதற்கு நம் கடலின் கலக்கமே காரணம்.

மூச்சும் அழுத்தமும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோரும் சங்குகுளித்தோரும் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கினர். அவர்களுக்குக் கிட்டியது ஒரு மூச்சின் நேரமே. பிரான்சில் 1943இல் ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னனும் வடிவமைத்த சுவாசக் கருவி, அந்நேரத்தை நீட்டித்தது. சூழும் நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் அடைப்பிதழே அக்கருவியின் நுட்பம். ஸ்கூபா என்று உலகெங்கும் வழங்கும் முறை இதிலிருந்து வளர்ந்தது.

கடல்மட்டத்தில் நம் உடல்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் மேலும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு. 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் பருமன் பாதியாகும். ஆகவே அதே மூச்சுக்கு இருமடங்கு காற்று செலவாகும். 12 லிட்டர் கொள்ளளவுடைய கலனில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,400 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு அது நீர்மட்டத்தில் 120 நிமிடமும், 10 மீட்டரில் 60 நிமிடமும், 30 மீட்டரில் 30 நிமிடமும் வரும். பாதுகாப்புக்கென ஒரு பகுதியை மிச்சம் வைக்க வேண்டுமாதலால் மெய்யான நேரம் இன்னும் குறைவு. ஆழமில்லாச் சிதைவுகளை மூழ்குவோர் விரும்புவதற்கு இக்கணக்கே முதற்காரணம்.

ஆழமின்மை அச்சமின்மை ஆகாது என்பதையும் இதே கணக்குக் காட்டுகிறது. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு எழும்போது நுரையீரலில் உள்ள 6 லிட்டர் காற்று 8 லிட்டராக விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு எழும்போதோ அதே 6 லிட்டர் 12 லிட்டராக விரிய முயலும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுபவரின் நுரையீரல் கிழியக்கூடும். எனவே மூச்சை ஒருபோதும் நிறுத்தலாகாது என்பதே இக்கலையில் முதலில் கற்பிக்கப்படும் பாடம். மெதுவாக எழுதலும், ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வழிவிடுதலும் அடுத்த பாடங்கள்.

கப்பற்சிதைவுக்குத் தனிப்பட்ட இடர்களும் உண்டு. துருவேறிய தகடுகளின் விளிம்பு கத்திபோல் கூரியது. அறுந்த மீன்வலைகள் கப்பலின் உறுப்புகளில் சிக்கி, கண்ணுக்குப் புலப்படாது தொங்கும். உள்ளறைகளில் பல்லாண்டாகப் படிந்த நுண்சேறு, காலின் துடுப்பு ஒருமுறை தவறி அசைந்தால் கிளம்பிப் பார்வையை முற்றும் மறைத்துவிடும். தலைக்குமேல் கூரை இருப்பதால் நேரே மேலெழவும் வழியில்லை. ஆகவே உரிய பயிற்சியும் வழிகாட்டும் கயிறும் இல்லாதோர் உள்ளே நுழையாது, வெளியே நின்று காண்பதே முறை. வெளியே காண்பதற்கே ஒரு நாள் போதாது.

மரத்தை உண்ணும் கடல்

இரும்புக் கப்பலுக்கு உயிர்கள் ஒருவகையில் துணைபுரிகின்றன. கொட்டலசும் பவளமும் துருவும் ஒன்றிணைந்து உருவாக்கும் கெட்டியான மேலோடு, இரும்பினை ஆக்சிஜன் மிகுந்த நீரிலிருந்து ஓரளவு மறைத்து, அரிப்பைத் தாமதப்படுத்துகிறது. அம்மேலோட்டை உடைத்தால் அரிப்பு மீண்டும் விரைவுறும். மரக்கலத்தின் கதை வேறு. கப்பற்புழு என்று வழங்கப்படும் உயிரி, உண்மையில் புழுவன்று, சிப்பியினத்தைச் சேர்ந்தது. தலையிலுள்ள இரு சிறு ஓடுகளால் மரத்தை அரவி, துளையிட்டு, அதனையே உண்டு வாழ்கிறது. வெப்பக் கடலில் மூடப்படாத மரப்பலகை சில ஆண்டுகளிலேயே சல்லடையாகிச் சிதைந்துபோகும்.

இதற்கு மறுதலையான சான்று சுவீடனில் உள்ளது. வாசா என்னும் போர்க்கப்பல் 1628இல் தன் முதற்பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்தது. 333 ஆண்டுகளுக்குப்பின் 1961இல் வெளிக்கொணரப்பட்டபோது செதுக்குச் சிற்பங்கள் உட்பட அதன் பெரும்பகுதி அழியாதிருந்தது. பால்டிக் கடலின் அப்பகுதியில் உப்பு மிகக் குறைவு. கப்பற்புழு அங்கு வாழ்வதில்லை. நம் கடல் அத்தகையதன்று.

நம் நாட்டுச் சான்று பெட்ரா பிராங்கா. சிங்கப்பூரின் கிழக்கே, சிங்கப்பூர் நீரிணையின் கடைவாயிலில் உள்ள அச்சிறு பாறைத்தீவின் அருகே, 2015இல் தொழில்முறை முக்குளிப்போர் சிலர் பழம் பீங்கான் தட்டுகளைக் கண்டெடுத்தனர். தேசிய மரபுடைமைக் கழகத்தின் ஆதரவில் ஐசியாஸ்–யூசோஃப் இஷாக் ஆய்வுக்கழகம் 2016இல் ஆய்வைத் தொடங்கியது. முதற்கலம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. அது இன்று தெமாசெக் சிதைவு என்று அழைக்கப்படுகிறது. சீனாவின் யுவான் அரசமரபுக் காலத்து நீலவெண் பீங்கான், ஆவணப்படுத்தப்பட்ட வேறெந்தக் கப்பற்சிதைவிலும் காணப்படாத அளவில் அதில் கிடைத்தது. பின்னர் இரண்டாவது கலமும் கண்டறியப்பட்டது. அது 1796இல் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் அழிந்த ஷா முன்ச்சர் என்னும் வணிகக் கப்பல், இந்தியாவில் கட்டப்பட்டது. பீங்கான்களோடு நங்கூரங்களும் பீரங்கிகளும் அதில் கிடைத்தன. 2021 ஜூன் மாதம் இக்கண்டுபிடிப்புகள் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டன.

இப்பட்டியலை உற்று நோக்குக: பீங்கான், கண்ணாடி, மணிக்கல், செம்புக் கலவை, இரும்பு. கப்பலின் மரம் முன்னிற்கவில்லை. வலிய நீரோட்டம் சேற்றைத் தங்கவிடாத பாறைத் தரையில் கலம் திறந்தே கிடந்தது. திறந்து கிடந்த மரத்தைக் கடல் உண்டுவிட்டது. எனவே தெமாசெக் சிதைவு எவ்வகைக் கலம் என்பதை, அதன் உடலைக் கண்டு கூற இயலாது, அது சுமந்த சரக்கைக் கொண்டே அறிஞர்கள் உய்த்துணர வேண்டியதாயிற்று. அதனினும் ஆழ்ந்த பொருள் அச்சரக்கில் உண்டு. ஃபோர்ட் கேனிங் குன்றிலும் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலும் நிலத்தடியில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுப் பீங்கான் துண்டுகளுக்கு ஒத்தவை கடலடியிலும் கிடைத்தமையால், ராஃபிள்ஸ் வருவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவு வணிகத் துறையாக விளங்கியதற்கு வலுவான துணைச்சான்று வாய்த்தது.

இங்கே ஒரு முரண்பாடு புலனாகிறது. நாம் குறைகூறும் சேறு, ஆக்சிஜனைத் தடுத்து, கப்பற்புழுவை விலக்கி, மரத்தையும் கயிற்றையும் தோலையும் நூற்றாண்டுக் கணக்கில் காக்கிறது. நாம் போற்றும் தெளிந்த ஒளிநீர், உயிர்களைப் பெருக்கி, அவ்வுயிர்களைக் கொண்டே கலத்தை அழிக்கிறது. ஒளியில் உயிர் தழைக்கிறது. சேற்றில் வரலாறு தங்குகிறது. ஒரே கப்பலின் மேற்பகுதி பவளத் தோட்டமாகவும், சேற்றில் புதைந்த அடிப்பகுதி ஆவணக் காப்பகமாகவும் இருப்பதைக் கடலடித் தொல்லியலார் பலவிடத்தும் கண்டுள்ளனர்.

சிங்கப்பூர்க் கடலில் அரிதாவது ஏன்?

உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களுள் ஒன்றை உடைய நாட்டில், பொழுதுபோக்காக மூழ்கிக் காணத்தக்க கப்பற்சிதைவுகள் மிகச் சிலவே. போர்க்காலத்தில் கப்பல்கள் மூழ்காமலில்லை. 1942 பிப்ரவரி 5ஆம் நாள் துருப்புகளை ஏற்றிவந்த எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா, சுல்தான் ஷோல் அருகே குண்டுவீச்சில் தீப்பற்றி அழிந்தது. ஆயினும் கப்பல்கள் இடையறாது செல்லும் வழியில் அமிழ்ந்த கலம், அடுத்து வரும் கலத்துக்கு எமனாகும். எனவே அகற்றுவதே துறைமுக நெறி. 2017இல் இயற்றப்பட்ட சிதைவகற்றல் சட்டம், இடையூறான சிதைவை அகற்றும் பொறுப்பைக் கப்பல் உரிமையாளர்மீது சுமத்துகிறது.

கப்பல் இல்லாத குறையை வேறு வழியில் நிறைவுசெய்யும் முயற்சி நடைபெறுகிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில், மூழ்குவோருக்கெனக் குறியீட்டுப் பலகைகளுடன் இரு நீரடிப் பாதைகள் அமைக்கப்பட்டன. ஒன்று ஆழங்குறைந்தது, மற்றொன்று ஏறத்தாழ 15 மீட்டர்வரை இறங்குவது. 2018இல் அதே பூங்காவில் எட்டுச் செயற்கைப் பார்கள் கடலுக்குள் இறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்று மாடி வீட்டின் உயரத்தை ஒக்கும். நூறாயிரம் பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டத்தையும் தேசியப் பூங்காக் கழகம் மேற்கொண்டுள்ளது. கப்பற்சிதைவு தற்செயலாகச் செய்ததை, மனிதர் திட்டமிட்டுச் செய்கின்றனர்.

ஆனால் பழங்கப்பல் எதனையும் கடலில் தள்ளினால் பவளத்தோட்டம் உருவாகிவிடும் என்று கருதுதல் தவறு. எரிநெய், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு, கல்நார், நெகிழிக் கம்பியுறைகள் ஆகியவற்றை நீக்காமல் மூழ்கடித்த கப்பல், உறைவிடம் என்ற பெயரில் குப்பைமேடே ஆகும். போர்க்காலச் சிதைவுகளின் தொட்டிகளில் எஞ்சிய எண்ணெய், தகடுகள் துருப்பிடித்து மெலிய மெலியக் கசிவதும் பலநாடுகளின் கவலையாகியுள்ளது. மேலும், மீன்கள் ஓரிடத்தில் திரண்டமையாலேயே அவை பெருகிவிட்டன என்று முடிவுசெய்தலும் பொருந்தாது. சிதறி வாழ்ந்தவை ஒன்றுகூடியிருக்கவும் கூடும். கூடிய இடத்தில் வலைவீசினால் உள்ளவையும் அழியும்.

கல்லறையும் கொள்ளையும்

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் வீழ்ந்தது. எட்டு வாரங்களுக்குள் ஜப்பானிய விமானந்தாங்கிகள் இந்தியப் பெருங்கடலுக்குள் புகுந்தன. ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை அவை மூழ்கடித்தன. அதில் 307 பேர் உயிரிழந்தனர். அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்னும் எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது. ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடப்பதால் தனிப்பயிற்சி பெற்றோரே அதனை அணுக இயலும். பிரிட்டிஷ் சார்ஜென்ட்டோ ஏறக்குறைய 25 மீட்டர் ஆழத்தில், பாசிக்குடாவை அடுத்த கடலில் கிடப்பதால் பலரும் சென்று காண்கின்றனர். கிழக்கிலங்கைத் தமிழ் மீனவர்களுக்கு இத்தகைய சிதைவுகள் மீன் திரளும் பார்கள். கப்பலில் சென்று மாண்டோரின் குடும்பங்களுக்கோ அவை கல்லறைகள். ஒரே இரும்புக்கு இரு பொருள்கள் உண்டு, இரண்டும் மெய்யே.

ஆழமின்மை இங்கு மற்றொரு கேட்டினையும் விளைக்கிறது. எளிதில் அடையக்கூடியது எளிதில் கொள்ளையும் போகும். 1942 பிப்ரவரியில் ஜாவாக் கடற்போரில் மூழ்கிய டி ரூய்ட்டர், ஜாவா என்னும் டச்சுப் போர்க்கப்பல்கள் 2002இல் கண்டறியப்பட்டன. 2016இல் மீண்டும் ஆய்வாளர் சென்றபோது கப்பல்கள் அங்கே இல்லை. அவை கிடந்த பள்ளங்களே எஞ்சியிருந்தன. பழைய இரும்புக்காகவும் செம்புக்காகவும் அவை துண்டுதுண்டாக அள்ளப்பட்டுவிட்டன. மாலுமிகளின் எச்சங்களும், எழுபதாண்டாக வளர்ந்த பவளங்களும் அவற்றுடன் போயின.

யுனெஸ்கோ அமைப்பு 2001இல் வகுத்த நீரடிப் பண்பாட்டு மரபுடைமை உடன்படிக்கை, நூறாண்டுகளுக்குக் குறையாது நீருக்குள் இருந்த மாந்தர் தடயங்களைப் பாதுகாப்புக்குரியவை என்கிறது. இருந்த இடத்திலேயே காத்தல் முதல் விருப்பமாதல் வேண்டும் என்பதும், வணிகத்துக்காக அவற்றை எடுத்து விற்றலாகாது என்பதும் அதன் அடிப்படை நெறிகள். ஒரு தட்டின் மதிப்பு அத்தட்டில் மட்டும் இல்லை. அது எதன்மேல் கிடந்தது, எதனருகே கிடந்தது, எத்தனை தட்டுகளோடு அடுக்கப்பட்டிருந்தது என்பனவே சரக்கையும் பயணத்தையும் காலத்தையும் காட்டுகின்றன. நினைவுப்பொருளாக ஒருவர் அதனை எடுத்துச் சென்றால், வீட்டில் ஓர் அழகுப்பொருள் கூடும். வரலாற்றில் ஒரு வாக்கியம் அழிந்துபோகும். ஆகவே படம் எடுத்தலன்றிப் பிறிதொன்றையும் எடாது திரும்புதலே மூழ்குவோரின் அறம். பவளத்தைத் தொடாமையும், சேற்றைக் கிளப்பாமையும், புதிதாக ஏதேனும் கண்டால் தொடாது உரியவர்க்கு அறிவித்தலும் அதன் பகுதிகளே. பெட்ரா பிராங்காவின் இரு கலங்களும் நமக்குக் கிட்டியது, தட்டுகளைப் பற்றிய செய்தி ஆய்வாளரைச் சென்றடைந்ததாலேயே ஆகும்.

சொல்லும் கடமையும்

மொழி தொடர்பாகவும் இங்கு ஒன்று கூறத் தகும். கடலடியைப் பற்றித் தமிழில் பேச இயலுமா என்று ஐயுறுவோர் உளர். கடலோடு வாழ்ந்தோர் அச்சொற்களை முன்பே ஆக்கி வைத்துள்ளனர். கடலடிப் பாறைத்திட்டுக்குப் பார் என்றும், ஒட்டுயிரிக்குக் கொட்டலசு என்றும், கடலடி நீரின் ஓட்டத்துக்கு நீவாடு என்றும் அவர்கள் பெயரிட்டனர். பாரை, செப்பலி, களவாய், விளமீன் என மீன்களை வேறுபடுத்தி அறிந்தனர். கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, நடுக்கடலில் ஒரு பாரின் இடத்தைப் பிழையின்றிக் கண்டனர். அடைப்பிதழ், மிதப்புச் சமநிலை போன்ற புதுக்கருவிகளுக்கும் கருத்துகளுக்கும் உரிய சொற்களைச் சேர்த்துக்கொண்டால், கடலறிவியல் முழுவதையும் நம் மாணவர்க்குத் தமிழில் விளக்கலாம். சிங்கப்பூர் தீவு நாடு. இங்கு வளரும் தமிழுக்கும் கடல் தெரிந்திருத்தல் வேண்டும்.

மூழ்குவதற்கு விரும்பாதோரும் செய்யக்கூடியவை உண்டு. நீர் வற்றும் நேரத்தில் உட்லண்ட்ஸ் கரையிலோ செம்பவாங் பூங்காவின் கரையிலோ கற்சுவரையும் தூண்களையும் சற்றுக் குனிந்து நோக்கலாம். நீர்க்கோடு வரை வெண்மையாகப் படர்ந்திருப்பது கொட்டலசு. அதற்குக் கீழே ஆளிகளும் பாசியும் பட்டையாக அமைந்திருக்கும். தக்காவோவின் அடியில் மெகென்னிஸின் கத்திக்குத் தடையாக நின்ற உயிர்களின் வழிவந்தவை அவை. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டி, பெயர் சொல்லிக் கொடுத்தல் நல்ல தொடக்கமாகும்.